மெஹிகானோவா, மெஹிகானாவா? ஸ்பானிஷில் நாடும் ஊரும் சொல்லும் சொற்கள்

ஸ்பானிஷில் அச்சடித்த ஏதாவது ஒரு அரசாங்கப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'நஸியொனலிதாத்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாட்டுரிமை என்று அர்த்தம். மெக்சிகோக்காரர் ஒருவர், நல்ல மீசை வைத்த ஆண்பிள்ளை, அந்தக் கட்டத்தில் 'மெஹிகானா' என்று எழுதுவார். அவரிடமே நேரில் போய் எந்த நாடு என்று கேட்டால் 'ஸோய் மெஹிகானோ' என்பார். தாளில் 'ஆ', வாயில் 'ஓ'. இரண்டுமே சரிதான். படிவத்தில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது நஸியொனலிதாத் என்ற சொல்லோடு, அது ஸ்பானிஷில் பெண்பால். நேரில் பேசும்போது ஒட்டிக்கொண்டிருப்பது அவரோடு.

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்த நாட்டுச் சொற்கள் வந்துவிடும், ஏனென்றால் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். ஆனால் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் நாடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் என்று நீளமான அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகின்றன. அதைப் பார்த்து மலைத்துப்போகத் தேவையில்லை. ஒரு சொல் யாரோடு நிற்கிறதோ அவருக்கு ஏற்ற மாதிரி தன் வாலை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த வால் மாற்றம் தமிழ் பேசுகிற நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும்.

எப்படி என்று கேட்டால், 'மதுரை' என்ற சொல்லையே பாருங்கள். மதுரை மல்லி, மதுரைப் பையன், மதுரைப் பெண், மதுரை மக்கள். எதன் முன்னால் வந்தாலும் அது மாறாமல் நிற்கிறது. அதுவே ஆளைக் குறிக்கும் பெயராக வந்தால் மதுரைக்காரன், மதுரைக்காரி, மதுரைக்காரர்கள் என்று ஆண்பால், பெண்பால், பலர்பால் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'நல்ல' என்பதும் அப்படித்தான்: நல்ல பையன், நல்ல பெண் என்னும்போது மாறாது, நல்லவன், நல்லவள் என்று தனியாக நிற்கும்போது மாறும். அதாவது தமிழில் பெயரடை மாறாது, பெயர்ச்சொல் மாறும். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல், இரண்டு இடத்திலும் மாறும். 'மதுரைக்காரிப் பெண்', 'மதுரைக்காரர்கள் பையன்கள்' என்று சொல்வதைப் போல.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் ஒலிகளில் பல தமிழ் எழுத்தில் அழகாகவே உட்காருகின்றன. எஸ்பஞோல் என்பதில் வரும் 'ஞ'வுக்காக ஸ்பானிஷ்காரர்கள் 'ந' ஒலிக்குரிய எழுத்தின் தலையில் ஒரு நெளிகோடு போட்டுத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள், நமக்கு அது சும்மா இருக்கிறது. அவர்களுடைய 'த'வும் நம் த மாதிரி பல்லில் நாக்குப் பட்டு வருவதுதான்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

பெரிய கூட்டம் 'ஓ'வில் முடிவது. மெஹிகானோ (மெக்சிகோ), பெருவானோ (பெரு), சிலேனோ (சிலி), அர்ஹென்தீனோ (அர்ஜென்டினா), குபானோ (கியூபா), சீனோ (சீனா), ரூஸோ (ரஷ்யா), கிரியேகோ (கிரீஸ்). இவை ஒவ்வொன்றுக்கும் நாலு உருவம்: ஓர் ஆண் மெஹிகானோ, ஒரு பெண் மெஹிகானா, ஆண்கள் மெஹிகானோஸ், பெண்கள் மெஹிகானாஸ். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டமென்றால் ஆண்பால் பன்மையே வரும், பத்துப் பெண்களோடு ஒரே ஓர் ஆண் இருந்தாலும் மெஹிகானோஸ்தான்.

ஆட்களோடு நின்றிருந்தால் இது சுலபமாகவே இருந்திருக்கும். ஆனால் ஸ்பானிஷில் பொருள்களுக்கும் பால் உண்டு, அஃறிணை என்று தனியாக ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு கிடையாது. மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் 'மேசை' போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல், ஸ்பானிஷிலும் அது மேஸாதான், பெண்பால். ஒயின் வீனோ, ஆண்பால். சாப்பாடு கொமீதா, பெண்பால். ஆகவே வீனோ சிலேனோ, கொமீதா மெஹிகானா, மேஸா ரூஸா. ஒரு சொல் 'ஆ'வில் முடிவதாலேயே பெண்பால் என்று நினைத்துவிடவும் கூடாது. மொழி என்று பொருள்படும் 'இதியோமா' ஆவில் முடிகிறது, ஆனால் ஆண்பால். எனவே ரஷ்ய மொழி 'எல் இதியோமா ரூஸோ' ('எல்' என்பது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி, ஆண்பாலுக்கு வருவது). நாட்டுச் சொல் பார்ப்பது பக்கத்துச் சொல்லின் பாலைத்தான், அதன் வாலில் கேட்கும் ஓசையை அல்ல.

நாடுகளின் அதிகாரப்பூர்வப் பெயர்களிலேயே இந்தப் பொருத்தத்தைப் பார்க்கலாம். அர்ஜென்டினாவின் முழுப்பெயர் 'ரெபூப்லிகா அர்ஹென்தீனா'. குடியரசு பெண்பால் என்பதால் வாலில் ஆ. மெக்சிகோவின் முழுப்பெயர் 'எஸ்தாதோஸ் ஊனீதோஸ் மெஹிகானோஸ்', ஐக்கிய மெக்சிகோ மாநிலங்கள் என்று பொருள். மாநிலங்கள் ஆண்பால் பன்மை, அதனால் ஓஸ். 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் பெயர் 'ரெயால் அகதேமியா எஸ்பஞோலா'. அகதேமியா பெண்பால், ஆகவே எஸ்பஞோலா. இந்த மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் விதியைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை.

அந்த எஸ்பஞோலா நம்மை இரண்டாவது கூட்டத்துக்குக் கொண்டுபோகிறது. மெய்யெழுத்தில் முடியும் சொற்கள்: எஸ்பஞோல் (ஸ்பெயின்), இங்லேஸ் (இங்கிலாந்து), ஃப்ரன்ஸேஸ் (பிரான்ஸ்), ஹபொனேஸ் (ஜப்பான்), அலெமான் (ஜெர்மனி). ஸ்பானிஷில் மெய்யில் முடியும் சாதாரணப் பெயரடைகள் பெரும்பாலும் பெண்பாலுக்காக மாறுவதில்லை. நீலம் என்பது 'அஸூல்', சட்டை 'கமீஸா' பெண்பால், ஆனாலும் நீலச் சட்டை 'கமீஸா அஸூல்'தான். நாட்டுச் சொற்கள் அப்படி விடுவதில்லை. ஸ்பெயின் சட்டை 'கமீஸா எஸ்பஞோலா'. மெய்யில் முடிந்தாலும் பெண்பாலுக்கு ஒரு ஆ சேர்த்தே ஆகவேண்டும்: இங்லேஸா, ஃப்ரன்ஸேஸா, ஹபொனேஸா, அலெமானா. பன்மைக்கு ஆண்பாலில் 'எஸ்', பெண்பாலில் 'ஆஸ்': எஸ்பஞோலெஸ், எஸ்பஞோலாஸ். பொது விதியைச் சரியாகப் படித்தவர்களே தவறுகிற இடம் இது, அதனால் அஸூலையும் எஸ்பஞோலாவையும் ஜோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கூட்டத்தில் எழுத்து சம்பந்தமான ஒன்று உண்டு. இங்லேஸ், அலெமான் என்று எழுதும்போது கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள், பெண்பாலிலும் பன்மையிலும் அது காணாமல் போய்விடும். காரணம் எளிது. உயிரிலோ 'ன்', 'ஸ்' இரண்டிலோ முடியும் ஸ்பானிஷ் சொல்லில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுவது இயல்பு. இங்லேஸ் 'ஸ்'ஸில் முடிந்தும் கடைசி அசையில் அழுத்தம் பெறுகிறது, அதைக் காட்டத்தான் கோடு. இங்லேஸா என்று ஓர் அசை கூடியதும் அதே 'லே' தானாகவே கடைசிக்கு முந்தைய இடத்துக்கு வந்துவிடுகிறது, கோடு தேவையில்லை. உச்சரிப்பு மாறவே இல்லை, 'லே'யில் இருந்த அழுத்தம் 'லே'யிலேயே இருக்கிறது. எஸ்பஞோலுக்குத் தொடக்கத்திலிருந்தே கோடு கிடையாது, 'ல்'லில் முடியும் சொல்லுக்குக் கடைசி அசையில் அழுத்தம் விழுவதுதான் இயல்பு.

மூன்றாவது கூட்டம் ஆண் பெண் பார்ப்பதே இல்லை, ஒருமை பன்மை மட்டும்தான். 'ஏ'யில் முடியும் கனதியேன்ஸே (கனடா), நிகரக்வேன்ஸே (நிகரகுவா), கொஸ்தறிஸேன்ஸே (கோஸ்ட்டா ரிக்கா) எல்லாம் இதில் சேரும். நம் பக்கத்து நாடுகள் பல 'ஈ'யில் முடியும்: பகிஸ்தனீ, நெபலீ, பங்லதெஸீ. ஒரு பாகிஸ்தான் ஆணும் பகிஸ்தனீ, பெண்ணும் பகிஸ்தனீ. பன்மையில் பகிஸ்தனீஎஸ் என்றும் பகிஸ்தனீஸ் என்றும் இரண்டு விதமாகச் சொல்லலாம், எழுத்தில் முதலாவதற்கு மதிப்பு அதிகம். அப்புறம் 'ஆ'விலேயே முடிந்து மாறாமல் நிற்பவை: பேல்கா (பெல்ஜியம்), க்ரொஆதா (குரோஷியா), வியெத்னமீதா (வியட்நாம்). ஒரு பெல்ஜியப் பையனையும் பேல்கா என்றே சொல்லவேண்டும், பேல்கோ என்று ஒன்று கிடையாது. மாயா, அஸ்தேகா, இன்கா ஆகிய பழைய மக்களின் பெயர்களும் இப்படித்தான். கோயில் என்பதற்கான 'தேம்ப்லோ' ஆண்பால், ஆனாலும் மாயா கோயில் 'தேம்ப்லோ மாயா'.

நம் தமிழும் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறது. ஸ்பானிஷில் 'ழ' இல்லாததால் 'தமீல்'. மெய்யில் முடிகிறது, அதனால் தமீலா என்று வரும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் வராது. லேங்வா தமீல் என்றால் தமிழ் மொழி, லேங்வா பெண்பால், ஆனாலும் தமீல் மாறாது. பன்மை உண்டு: தமீலெஸ்.

இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் நாட்டுச் சொல் முன்னால் வரும், ஸ்பானிஷில் பின்னால். முதல் இரண்டு வாரம் நாக்கு தடுமாறும், பிறகு பழகிவிடும்.

இப்போது ஒரு முழு வாக்கியத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

லா கொஸினேரா பெருவானா கொம்ப்ரோ வீனோ சிலேனோ இ தோஸ் ஸெர்வேஸாஸ் அலெமானாஸ் பாரா ஸுஸ் அமீகோஸ் இங்லேஸெஸ்.

பெரு நாட்டுச் சமையல்காரம்மா தன் இங்கிலாந்து நண்பர்களுக்காகச் சிலி ஒயினும் இரண்டு ஜெர்மன் பீரும் வாங்கினார் என்று பொருள். தமிழில் பெரு, இங்கிலாந்து, சிலி, ஜெர்மன் நாலும் வெறும் பெயர்களாகப் பேசாமல் நிற்கின்றன. ஸ்பானிஷில் நாலுக்கும் நாலு வால். சமையல்காரம்மா பெண் ஒருமை, பெருவானா. ஒயின் ஆண் ஒருமை, சிலேனோ. பீர் பெண்பால், இரண்டு இருப்பதால் பன்மை, அலெமானாஸ். நண்பர்கள் ஆண்பால் பன்மை, இங்லேஸெஸ்.

இதில் கொஸினேராவை மட்டும் எடுத்துவிடுங்கள். 'லா பெருவானா கொம்ப்ரோ வீனோ.' பெருக்காரம்மா ஒயின் வாங்கினார். பெயரடை பெயர்ச்சொல்லாக மாற வேறெதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெயர் போனதும் முன்னாலிருந்த 'லா' ('எல்'லின் பெண்பால்) இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. எல், லா, லோஸ், லாஸ் என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்தால் போதும், எந்த நாட்டுச் சொல்லும் ஆளாகிவிடும். பொருளாகவும் ஆகும்: கடையில் எந்த ஒயின் வேண்டும் என்று கேட்டால் 'எல் சிலேனோ' என்று பதில் சொல்லலாம், சிலி ஒயின் என்று புரியும். வேறோர் இடத்தில் அதே எல் சிலேனோ சிலிக்காரர். எது என்பதைப் பேச்சின் போக்கு சொல்லிவிடும்.

ஆனால் உங்கள் நாட்டைச் சொல்லும்போது முன்னால் எதுவும் போடாதீர்கள். 'ஸோய் பெருவானோ', அவ்வளவுதான். ஆங்கிலப் பழக்கத்தில் 'ஒரு' என்ற பொருளில் வரும் 'ஊன்', 'ஊனா' சேர்க்கத் தோன்றும், வெறும் அடையாளம் சொல்லும்போது அது வேண்டாம். கூடவே ஏதாவது விவரம் சேர்ந்தால் மட்டும் அது வரும். 'எஸ் பெருவானா' என்றால் அவர் பெருக்காரர். 'எஸ் ஊனா பெருவானா முய் ஸிம்பாதிகா' என்றால் அவர் மிகவும் இனிமையாகப் பழகும் பெருக்காரர்.

பெயர்ச்சொல்லாக வரும்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பிரயோகம் இருக்கிறது. அர்ஜென்டினாக்காரர்கள் மாதே என்ற இலைப் பானத்தை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். வெளியாள் சொன்னால் 'லோஸ் அர்ஹென்தீனோஸ் தோமன் மாதே', அவர்கள் குடிக்கிறார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவரே சொன்னால் 'லோஸ் அர்ஹென்தீனோஸ் தொமாமோஸ் மாதே'. வினையின் வாலில் 'மோஸ்' வந்ததும் அர்ஜென்டினாக்காரர்களாகிய நாங்கள் குடிக்கிறோம் என்று ஆகிவிடுகிறது, 'நாங்கள்' என்ற சொல்லே இல்லாமல். 'தமிழர்கள் காபி குடிக்கிறோம்' என்று நாம் சொல்வது போலத்தான். வினையிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிற மொழிகளால் மட்டுமே இப்படிச் செய்யமுடியும், தமிழும் ஸ்பானிஷும் இதில் ஒன்று.

மொழியின் பெயரும் பெரும்பாலும் இதே சொல்தான், ஆண்பால் ஒருமையில். எஸ்பஞோல், ஃப்ரன்ஸேஸ், சீனோ, ரூஸோ. ஒரு பெண் ரஷ்ய மொழி பேசினாலும் 'ஆப்லோ ரூஸோ' என்பாரே தவிர ரூஸா என்று மாற்றமாட்டார்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது, ஸ்பானிஷில் நாட்டின் பெயருக்குப் பெரிய எழுத்து, நாட்டுச் சொல்லுக்கும் மொழிக்கும் சிறிய எழுத்து. ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்திய பழக்கம் கையில் ஊறிப்போயிருப்பதால் நம்மவர்கள் எல்லாவற்றையும் பெரிதாகவே தொடங்குகிறார்கள். இது வெறும் அலங்காரம் இல்லை. இந்தியா, சீனா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் பெயரும் அந்நாட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லும் ஸ்பானிஷில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெரிய எழுத்தில் தொடங்கினால் நாடு, சிறிய எழுத்தில் தொடங்கினால் பெண்.

இந்தியா என்றதும் நாம் நின்று கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று வருகிறது. அட்டவணைப்படி இந்தியர் 'இந்தியோ', பெண் 'இந்தியா'. இலக்கணம் சரி. ஆனால் 1492-இல் கரீபியன் தீவில் இறங்கிய கொலம்பஸ் தான் ஆசியாவின் இந்தியப் பகுதிக்கு வந்துவிட்டதாக நினைத்து அங்கிருந்தவர்களை இந்தியோஸ் என்று அழைத்தார், அந்தப் பெயர் அம்மக்கள்மேல் ஐந்நூறு வருடங்களாக ஒட்டிக்கிடக்கிறது. மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் பல இடங்களில் 'இந்தியோ' என்பது பூர்வகுடிகளைத் தாழ்த்திச் சொல்லும் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மரியாதையாகச் சொல்பவர்கள் 'இந்தீஹெனா' என்பார்கள். நீங்கள் 'ஸோய் இந்தியோ' என்றால் கேட்பவர் ஒரு கணம் குழம்புவார். இந்தக் குழப்பத்தினால்தான் இந்தியரைக் குறிக்க 'இந்தூ' என்ற சொல் பரவியது. எழுத்தில் தொடக்கத்தில் 'ஹ' இருக்கும், ஸ்பானிஷில் அது ஒலிக்காது. அது மதத்தின் பெயரும்கூட. தமிழ்நாட்டிலிருந்து போன கிறிஸ்தவரையும் முஸ்லிமையும்கூட எதிரில் இருப்பவர் நல்ல மனதோடு இந்தூ என்று அழைக்கக்கூடும், அவர் பேசுவது மதத்தை அல்ல, நாட்டைத்தான். மொழிக் கழகமும் குழப்பம் வராத இடத்தில் அந்தப் பயன்பாட்டை ஏற்றுக்கொள்கிறது. என்னைக் கேட்டால் 'ஸோய் தெ லா இந்தியா', நான் இந்தியாவிலிருந்து வருகிறேன், என்று சொல்லிவிடுவதே நல்லது. யாரையும் குத்தாது, தெளிவாகவும் இருக்கும். 'லா'வை விடாதீர்கள், இந்தியாவின் பெயரோடு அது வழக்கமாக வரும். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு 'எஸ்ரிலங்கேஸ்', பெண் 'எஸ்ரிலங்கேஸா', இரண்டாவது கூட்டத்தின் விதிதான்.

இதேபோலக் கவனமாகச் சொல்லவேண்டிய இன்னொரு சொல் 'அமெரிகானோ'. லத்தீன் அமெரிக்கர்களுக்கு அமெரிக்கா என்பது ஒரு முழுக் கண்டம், அவர்களும் அமெரிகானோஸ்தான். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தவரைச் சொல்ல 'எஸ்தாதோஉனிதேன்ஸே' என்ற நீண்ட சொல் இருக்கிறது, ஏயில் முடிவதால் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. முதலில் வாய்க்குள் அடங்காது, நாலு தடவை மெல்லச் சொல்லிப் பழகுங்கள்.

நாட்டைத் தாண்டி ஊருக்கு வந்தால் இன்னும் ருசி. மாட்ரிட்காரர் மத்ரிலேஞோ, லிமாக்காரர் லிமேஞோ. பியூனஸ் அயர்ஸ்காரர் போர்தேஞோ, துறைமுகத்துக்காரர் என்று பொருள், 'புவேர்தோ' என்றால் துறைமுகம். சில ஊர்களில் பெயருக்கும் மக்களைக் குறிக்கும் சொல்லுக்கும் தொடர்பே இல்லாத மாதிரி இருக்கும். ஸ்பெயினின் தெற்கில் உவேல்வா என்ற ஊர்க்காரர்கள் ஒனுபேன்ஸே. ரோமானியர் காலத்தில் அந்த ஊரின் பெயர் ஒனுபா. ஊரின் பெயர் தேய்ந்து உருமாறிப்போனது, மக்களின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. காதிஸ் நகரத்தார் கதிதானோ என்பதும் கதேஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்ததுதான். மெக்சிகோவில் அக்வாஸ்காலியேந்தெஸ் என்றொரு நகரம், சுடுதண்ணீர் என்று பொருள், அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் தங்களை 'இத்ரோகாலிதோ' என்பார்கள், கிரேக்க நீரும் லத்தீன் சூடும் சேர்த்துக் கட்டிய சொல். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தங்களைச் செல்லமாக 'பொரீக்வா' என்கிறார்கள், ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கிருந்த தாயினோ மக்கள் தீவுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து. ஆணும் பொரீக்வா, பெண்ணும் பொரீக்வா. இது மூன்றாவது கூட்டம் என்று இந்நேரம் நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

கடைசியாக ஒரு சாப்பாட்டுத் தட்டு. மெக்சிகோவில் காலை உணவுக்கு 'உவேவோஸ் அ லா மெஹிகானா' என்று கேட்டால் தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுக் கிளறிய முட்டை வரும். சிவப்பு, வெள்ளை, பச்சை, அவர்கள் கொடியின் நிறங்கள். முட்டைகள், அதாவது உவேவோஸ், ஆண்பால் பன்மை. இவ்வளவு நேரம் படித்தபடி பார்த்தால் மெஹிகானோஸ் என்றல்லவா வரவேண்டும்? அந்த 'லா'வுக்குப் பின்னால் 'மனேரா' என்ற சொல் மறைந்திருக்கிறது, விதம் என்று பொருள், பெண்பால். மெக்சிகோ விதத்தில் செய்த முட்டை. படிவத்தில் அந்த மீசைக்காரர் எழுதிய மெஹிகானா கட்டத்தின் தலைப்பைப் பார்த்து நின்றது, தட்டில் இருக்கும் மெஹிகானா சொல்லாமல் விட்ட சொல்லைப் பார்த்து நிற்கிறது.